ஓரிரு இடங்களில்

மாலை ஆறு மணி அறிக்கையில்
"மேலும் வலுவிழக்கக்கூடும்" என்று எழுதினேன்.
துறைமுகத்தில் யாரோ வெடி கொளுத்தினார்கள்.

மூன்று நாளாக மணலில் கவிழ்ந்து கிடந்த படகுகளை
விளக்கு வைத்துக்கொண்டு நிமிர்த்துகிறார்கள்.
சிங்கிறால் பருவம் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.
கூண்டுகளின் கடன் அப்படியே இருக்கிறது.
ஹெனாரோ அலுவலகக் கதவைத் தட்டி
வறுத்த மீன் ஒரு தட்டு தந்துவிட்டுப் போனான்,
புயலை நானே அடித்து விரட்டியதுபோல.

நான் எங்கே விரட்டினேன். கடல்தான்.
பாஹாவின் இந்தப் பக்கத்துத் தண்ணீர் குளிர்ந்தது.
இருபத்தாறு டிகிரி இருந்தால்தான் புயலுக்குச் சாப்பாடு,
இங்கே இருபத்திரண்டு.
பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளியாக
ஹசிந்தா வாசலில் கொஞ்சம் நின்று பார்த்து
மக்தலேனா வளைகுடாவுக்கு மேற்கே
நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி
வடமேற்காக நடையைக் கட்டுகிறாள்.
நேற்றுப் படத்தில் அவளுக்கு ஒரு கண் இருந்தது.

எட்டு மணிக்குத் தொலைபேசி.
ஹிகாந்தா மலையிலிருந்து என் தம்பி எலியோதோரோ.
நூற்றுப்பத்து ஆடுகள், இல்லை,
தொண்ணூற்று நான்கு. போன மாதக் கணக்கு அது.
தினமும் காலை ஏழுக்கு
எங்கள் துறை கொடுத்த மழைமானியைப் பார்த்து
எனக்குச் செய்தி அனுப்புவான்: பூஜ்ஜியம்.
நானூற்றுப் பதினோரு பூஜ்ஜியங்கள்.
ஒருநாள் மட்டும் சிரிப்புப் படம் சேர்த்திருந்தான்,
அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

"வருமா?"
"கடலோரத்தில் பலத்த காற்று.
உள்மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்
லேசான மழை பெய்யக்கூடும்."
"அறிக்கையை வானொலியிலேயே கேட்டேன்.
அந்த ஓரிரண்டில் நாங்கள் ஒன்றா?"

இருபது சதவீதம் என்றேன்.
"சரி, நூற்றில் இருபது ஆடு குடிக்கும்" என்றான்.
அப்படி இல்லை அதன் அர்த்தம்.
விளக்கத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டேன்.

சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.
செவ்வாய்க்கிழமை, கணினி மாதிரிகள் ஐந்தில் ஒன்று
புயலை நேராகக் கரைமேல் ஏற்றியது.
அந்த ஒற்றைக் கோட்டை
இரவெல்லாம் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.
அதன் வழியில் சான் கார்லோஸ் இருந்தது,
ஹெனாரோவின் தகரக் கூரை இருந்தது,
இந்த அலுவலகமும் இருந்தது.
தெரிந்தேதான் பார்த்தேன்.
மீன் ஆறிக்கொண்டிருக்கிறது.
தொட மனமில்லை.

இரவு பதினொன்று. எச்சரிக்கைக் கொடியை இறக்கினோம்.
அதிகாலை இரண்டு. இனி அவள் புயல் இல்லை,
மிச்சமான ஒரு தாழ்வு. பெயரை நீக்கியாயிற்று.
அலை உயரம் மூன்று மீட்டரிலிருந்து இரண்டு.
"மீனவர்கள் நண்பகலுக்குப் பிறகு கடலுக்குச் செல்லலாம்."
இதுவரை நான் எழுதியதிலேயே
அதிகம் பேர் வாழ்த்தப்போகும் வரி இதுதான்.
கையெழுத்து: நொயெமி அர்செ, இரவுப் பணி.

நான்கரைக்கு ரேடாரில், மலைக்கு மேலே,
விரல் நகம் அளவு பச்சை.
ஒரு சுற்றில் இருந்தது.
அடுத்த சுற்றில் கிழக்கே தள்ளி இருந்தது.
அதற்கடுத்து இல்லை.

ஏழு மணி தாண்டி ஏழே கால்.
தம்பியிடமிருந்து பூஜ்ஜியம் வரவில்லை.
ஏழு இருபதுக்குக் குரல் பதிவு:
"நாலு மணி வாக்கில் கூரையில் சத்தம் கேட்டது.
ஓடி வந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.
ஆடெல்லாம் எழுந்து தெற்கே பார்த்து நிற்கிறது.
மானியில் தண்ணீர் இல்லை,
ஆனால் உள்ளே ஓர் எறும்பு நனைந்திருக்கிறது.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய், அக்கா?"

அதற்கும் ஒரு கட்டம் உண்டு எங்கள் படிவத்தில்.
பெய்தது, ஆனால் அளக்க முடியாதது.
அதில் எழுதினேன்.

பகல் பணிக்கு வந்தவன் நாற்காலியை இழுத்தபடி கேட்டான்,
ஏதாவது பெய்ததா என்று.
ஓரிடத்தில், என்றேன்.